மதிய உணவில் எந்த ஆண்டு திருப்புமுனை? மாணவர் ஆய்வுக்கு ஒரு திட்டம்

‘வரலாற்றில் ஒரு திருப்புமுனை’ என்று புராஜெக்ட் கொடுத்தால், பாதி வகுப்பு உப்பு சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்ளும், மீதி உலகப் போரை. இரண்டும் நல்ல தலைப்புகள்தான். ஆனால் பார்த்தவரிடம் கேட்டு எழுத இன்று அநேகமாக வழி இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் உங்கள் பாட்டியிடமும் ஆதாரம் கிடைக்கிற தலைப்பை எடுங்கள். என் பரிந்துரை, பள்ளி மதிய உணவு.

முதல் வேலை, தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது. ‘மதிய உணவுத் திட்டத்தின் வரலாறு’ என்று எழுதினால் தேதிப் பட்டியல்தான் வரும். ‘எந்த ஆண்டு உண்மையான திருப்புமுனை?’ என்று கேட்டால் வாதம் வரும். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் இலவச உணவு தந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டும் ஏன் இல்லை என்பதையும் எழுதுங்கள். மதிப்பெண் மட்டுமல்ல, ஆய்வின் உயிரே அந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது.

நான் 1982 பக்கம். காமராசர் காலத் திட்டம் பெருமளவு ஊர்மக்களின் நன்கொடையையும் ஆசிரியர்களின் உழைப்பையும் நம்பி நடந்தது. 1982இல் அது அரசின் அன்றாடப் பொறுப்பாகவே ஆனது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் வேலை உருவாகி, ஏராளமான பெண்களுக்கு, குறிப்பாக ஆதரவற்றவர்களுக்கு, சம்பளம் கிடைத்தது. நீங்கள் 1956 என்று வாதிடலாம். பசிதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்கிறது என்பதை மாநில அளவில் ஒரு அரசு ஏற்றுக்கொண்ட தருணம் அது என்பது வலுவான வாதம்.

ஆதாரத்துக்கு வருவோம். அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’ 1956க்கு அவசியம். பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். சென்னைக்குப் போக முடியாதவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு பெரிய புதையல். தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். பெயரையும் சாதியையும் குறிக்க வேண்டாம். ஆண்டு, வகுப்பு, ஆணா பெண்ணா, எந்த வகுப்பில் படிப்பை விட்டார் என்பது போதும். 1977 முதல் 1987 வரை பெண் பிள்ளைகளின் சேர்க்கையை மட்டும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கோடு ஏறினாலும் உடனே சோற்றுக்குக் காரணம் கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் புதுப் பள்ளி வந்ததா, பேருந்து வந்ததா, அந்த ஆண்டு மழை பொய்த்ததா என்று விசாரியுங்கள். எழுத்தறிவு விகிதத்திலும் கவனம் வேண்டும். 1991 கணக்கெடுப்பிலிருந்து 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டுமே வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவு வரும்.

பேட்டியில் அவசரம் காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1956இல் ஆறு வயதுப் பிள்ளை இன்று எழுபதைத் தாண்டியவர். அவர்களை முதலில் பாருங்கள். “திட்டம் நல்லா இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதோடு பேட்டி முடிந்துவிடும். “தட்டு வீட்டிலேர்ந்து கொண்டு போனீங்களா? யார் சமைச்சாங்க? எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்தீங்களா? லீவு நாள்ல மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில், பள்ளியில் அந்த ஒருவேளைச் சோறு எவ்வளவு பெரியது என்று காட்டிவிடும். சமைத்தவர் யார், யார் சாப்பிட மறுத்தார்கள் என்ற பேச்சு வந்தால் சாதி வெளிப்படும். அதை மழுப்பாதீர்கள், சொன்னவர் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

ஆறு வாரம் இருந்தால் முதல் வாரம் கேள்விக்கும் வாசிப்புக்கும், அடுத்த மூன்று வாரம் பேட்டிக்கும் பதிவேட்டுக்கும், ஐந்தாவது வாரம் எழுத, ஆறாவது திருத்த. பேட்டிகளை அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். பதிவு செய்து குவித்துவைத்தால் கடைசி வாரம் கேட்கக்கூட நேரம் இருக்காது. 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியதும், 2022இல் தமிழகத்தில் காலை உணவு வந்ததும் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். அந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காத ஆண்டின் மிகச் சிறந்த வாதத்துக்குக் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.