கதவு மூடினாலும் கைமுதல் போகாது

கேட்ட கல்லூரியில் இடமில்லை என்று பிள்ளைக்குக் கடிதம் வந்தால், "படித்தது போதும், கல்லாவில் வந்து உட்கார்" என்கிறோம். கடைத்தொழில் இழிவன்று, நாமும் அதில்தான் பிழைக்கிறோம். ஆனால், ஒரு மறுப்பு வந்ததும் படித்ததெல்லாம் வீண் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? அமெரிக்காவின் பாலி மரே அம்மையார் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1910-ஆம் வருஷம் பால்டிமோரில் பிறந்த அவர், தாயை இழந்து, தாயின் சகோதரியிடம் வளர்ந்தார். 1938-இல் வட கரோலினா சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்று மறுத்தார்கள். பின்னர் ஹவார்டில் சட்டம் பயின்று, 1944-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மேற்படிப்புக்கு ஹார்வர்டைக் கேட்டார். பெண் என்று மறுத்தார்கள். அவர் பெர்க்லிக்குப் போய் அப்படிப்பை முடித்தார்.

1952-இல் கார்னெல் சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சி வேலை கிடைப்பதாக இருந்தது. அவருக்கு நற்சாட்சிக் கடிதம் கொடுத்தவர்கள் தீவிரவாதப் போக்கினர் என்று அதுவும் தட்டிப்போயிற்று. அவர்களில் ஒருவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார்! அம்மையார் தம் குடும்ப வரலாற்றை எழுதலானார். அது 1956-இல் நூலாக வெளிவந்தது. அவர் கவிதைகள் தொகுதியாக வரவோ 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் கவனிக்கவேண்டியது இதுதான். மறுத்தவர்கள் இடத்தைத்தான் மறுத்தார்கள். அவர் கற்றதைப் பறிக்க முடியவில்லை. இனப் பிரிவினையே சட்டவிரோதம் என்று ஹவார்டில் அவர் வாதிட்டபோது சக மாணவர்கள் நகைத்தனர். அங்கே அவர் எழுதிய கட்டுரை, 1954-இல் பள்ளிப் பிரிவினையை வீழ்த்திய பிரவுன் வழக்கின் ஆயத்தத்தில் உதவிற்று. 1965-இல் யேல் அவருக்குச் சட்ட டாக்டர் பட்டம் அளித்தது. 1968-இல் பிராண்டைஸில் ஆசிரியரானார். அவர் 1985-இல் காலமானார். 2017-இல் யேலில் அவர் பெயரால் ஒரு கல்லூரியே திறக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பொறுமை என்றால் வாய்மூடி இருப்பதன்று. ஹார்வர்டின் மறுப்பை எதிர்த்து அவர் எழுதி வாதாடினார். பலிக்காதபோதும் படிப்பை நிறுத்தவில்லை. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லிக்கொண்டே அடுத்த கதவைத் தட்டினார்.

ஆகவே பெற்றோர்களே, மறுப்புக் கடிதம் வந்த அன்று பிள்ளையின் எதிர்காலத்துக்குக் கணக்கு முடித்துவிடாதீர்கள். காரணம் என்னவென்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வேறெங்கே இடம் உண்டென்று விசாரியுங்கள். இதுவரை கற்றதைக் கைமுதலாக வைத்து இன்னும் என்ன செய்யலாம் என்று கூடி யோசியுங்கள். ஒரு நாள் வியாபாரம் நடக்கவில்லை என்று சரக்கைத் தெருவில் கொட்டுகிற கடைக்காரர் நம்மில் யாருமில்லை.