பாட்டில் லேபிளைப் பாத்தீங்களா?

லேப்ல கால்சியம் குளோரைடு 7.35 கிராம் எடுத்து 500 மில்லி கரைசல் தயாரிக்கச் சொல்றாங்க. அதில் குளோரைடு அயனிச் செறிவு எவ்வளவு?

உடனே கால்குலேட்டரைத் தட்டாதீங்க மக்களே, முதல்ல லேபிளைப் படிங்க. 'டைஹைட்ரேட்' என்று போட்டிருந்தால் ஒரு மோலின் நிறை 111 கிராம் இல்லை, 147. உப்போடு ஒட்டியிருக்கும் 2 நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துத்தான் தராசில் எடை போட்டோம். 7.35-ஐ 147-ஆல் வகுத்தால் 0.05 மோல், அரை லிட்டரில் 0.1 மோலார். 111 போட்டால் 0.132 வரும், அதாவது 32 சதவீதம் அதிகம்!

ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு. எனவே கால்சியம் 0.1, குளோரைடு 0.2 மோலார்.

சரி, இதோட 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 500 மில்லி சேர்த்தா? 0.2 + 0.1 = 0.3-ன்னு கை தானா எழுதிடும். ஒரு இன்டர்னல்ல நானும் அப்படி எழுதி மார்க்கை விட்டவன்தான். செறிவைக் கூட்டக் கூடாது, மோலைக் கூட்டணும். குளோரைடு 0.1 + 0.05 = 0.15 மோல். மொத்தக் கன அளவு 1 லிட்டர் என்று வைத்தால் 0.15 மோலார். கால்சியம், சோடியம் தலா 0.05.

சரியான்னு பார்க்க மின்சுமையை எண்ணுங்க. கால்சியத்துக்கு நேர்மின்சுமை 2. ஆக, 2 × 0.05 + 0.05 = 0.15. எதிர்ப்பக்கம் குளோரைடும் 0.15. 0.3 எழுதியிருந்தா இங்கேயே மாட்டியிருப்பீங்க. ஆனா லேபிள் தப்பை இந்தச் சோதனை பிடிக்காது; 111 போட்டாலும் பிளஸும் மைனஸும் அழகா சமமாத்தான் வரும்.