ஒரு தொகுதிக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: மங்கா படிக்கும்போது ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அண்மையில் யோஷினாகா ஃபுமியின் ‘ஓஓக்கு’ 19 தொகுதிகளையும் படித்து முடித்தேன். முதல் தொகுதிக்கு 8 போட்டேன். யோஷிமுனேவை அவ்வளவு பிடித்துப்போயிற்று. இரண்டாவதைத் திறந்தால் அவரைக் காணவே காணோம், கதை எங்கோ பின்னால் போய்விட்டது. ஏமாற்றத்தில் 6 போட்டேன். பத்தாவதுக்கு முழுசாக 10. அதன்பின் ஏற்றமும் இறக்கமும்தான். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஏழரைக்குச் சற்றுமேல் வருகிறது. ஆனால் நான் படித்த சரித்திரக் கற்பனைகளில் இதற்கு இணையில்லை என்றுதான் மனசு சொல்கிறது. ‘இனுயாஷா’வில் இதற்கு நேர்மாறு. பாதிக்கு மேல் எல்லாத் தொகுதிக்கும் 7 போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பழைய மதிப்பெண்களைத் திருத்தலாமா? வரலாற்றையே மாற்றி எழுதும் கதையில் வரலாற்றுப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டாம் தொகுதிக்குப் போட்ட 6-ஐ அழித்துவிடாதீர்கள். அது தவறான மதிப்பெண் இல்லை. யோஷிமுனேவோடு ஒன்றிவிட்ட வாசகரைப் பிடுங்கி, ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார் யோஷினாகா. உங்களுக்கு வந்த ஏமாற்றம் அவர் தெரிந்தே உண்டாக்கியது.

கதையைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓஓக்கு என்பது எடோ கோட்டையில் ஷோகுனின் அந்தப்புரம். யோஷினாகாவின் கதையில் ‘செம்முக அம்மை’ என்றொரு கொள்ளைநோய் இளைஞர்களை வாரிக்கொண்டு போகிறது. ஆண்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைய, ஷோகுன் பட்டம் பெண்களுக்கு வருகிறது. அந்தப்புரத்தில் ஆண்கள் அடைபடுகிறார்கள். முதல் தொகுதியின் முடிவில் எட்டாவது ஷோகுன் யோஷிமுனேவுக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஆள்பவர்கள் பெண்கள் என்றால், அவர்கள் எதற்காக ஆண் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டும்? விடை தேடி, முதிய எழுத்தர் முராசே காத்துவந்த குறிப்பேட்டைத் திறக்கிறார். அடுத்து வரும் தொகுதிகள் அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள். அவருடைய கேள்விக்கான விடையைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள், அது அப்போது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்த இரண்டாம் தொகுதியில் ஒரு பூனை சாகிறது, நினைவிருக்கிறதா? தன் எஜமானர் அரிகோதோவுக்குக் கொடுமை செய்தவனைப் பழிவாங்க, கியோக்குயே என்ற இளைஞன் பூனையைக் கொன்று பழியை அவன்மேல் போடுகிறான். படிக்கும்போது அது அந்தப்புரத்துச் சூழ்ச்சிகளில் ஒன்று, அவ்வளவே. ஐந்தாவது ஷோகுன் சுனயோஷியின் காலத்துக்கு வரும்போது அதே கியோக்குயே அவருடைய தந்தையாக, கிழவராக நிற்கிறார். மகளுக்கு வாரிசு தங்காததற்குத் தான் அன்று கொன்ற உயிர்தான் காரணம் என்று அஞ்சுகிறார். உயிர்வதைத் தடைச் சட்டங்கள் அங்கிருந்து முளைக்கின்றன. வரலாற்றில் சுனயோஷி உண்மையிலேயே அத்தகைய சட்டங்களைப் போட்டவர். நாய்களுக்குக் காட்டிய கரிசனத்தால் ‘நாய் ஷோகுன்’ என்றே பெயர் வாங்கியவர். ஒரு சிறுவனின் ஆத்திரம் ஒரு தேசத்தின் சட்டமாக வளர்வதைக் காட்ட யோஷினாகாவுக்குப் பல தொகுதிகள் வேண்டியிருக்கின்றன. அந்தப் பூனைக்கான மதிப்பெண்ணை இரண்டாம் தொகுதியை மூடும் நேரத்தில் எவரால் போட முடியும்?

ஆகவே திருத்த வேண்டாம், பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் அன்றைக்குப் பட்டது. இரண்டாம் பத்தி தொடர் முழுவதும் முடிந்தபின், அந்தத் தொகுதி மொத்தக் கதைக்கு என்ன செய்தது என்பதற்கு. இந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி எங்கே அதிகமாக இருக்கிறதோ, அங்கேதான் ஆசிரியர் நீண்ட கணக்குப் போட்டு வேலை செய்திருக்கிறார். சராசரி இந்த இடைவெளியை விழுங்கிவிடும். 19 தொகுதிகளின் சராசரி என்பது ஒருவரும் படிக்காத ஒரு புத்தகத்தின் மதிப்பெண், அதை விட்டுவிடுங்கள்.

‘இனுயாஷா’ விஷயம் வேறு. அங்கே தொகுதி என்பது கதையின் அளவே இல்லை. ருமிகோ தகாஹாஷி அதை 1996 முதல் 2008 வரை ‘ஷோனென் சண்டே’ வார இதழில் எழுதினார். மொத்தம் 558 அத்தியாயங்கள், 56 தொகுதிகள். அதாவது பத்துப் பத்து அத்தியாயங்கள் சேர்ந்ததும் ஒரு புத்தகம். சண்டை பாதியில் நிற்கும்போதே தொகுதி முடியும், அடுத்த தொகுதி நடுச்சண்டையில் தொடங்கும். வாரா வாரம் படிப்பவருக்கு ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கொக்கி வேண்டும், போன வாரத்தை நினைவூட்டவும் வேண்டும். அதைப் பத்துப் பத்துத் தொகுதியாக ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் ஒரே உயரத்தில்தான் தெரியும். அங்கே தொகுதிக்கு மார்க் போடாமல் கதைக்கட்டத்துக்குப் போடுங்கள்: மிரோகு வந்து சேர்வது, சாங்கோவும் அவள் தம்பி கோஹாகுவும், எழுவர் கூலிப்படை. அப்படிப் பிரித்ததும் உங்கள் 7 உடனே 9 ஆகவும் 5 ஆகவும் பிரியும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வில்லன் நராகு சிக்குவதுபோல் சிக்கி மறுபடி மறுபடி தப்பிக்கும் நடுப்பகுதி, எப்படிப் பிரித்தாலும் தளர்ச்சிதான்.

‘ஓஓக்கு’ வந்த ‘மெலடி’யோ இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இதழ். தொகுதிகள் சராசரியாக ஆண்டுக்கு ஒன்று வந்தன. ஜப்பானிய வாசகர் ஒரு தொகுதியோடு ஓராண்டு குடியிருந்தார். அதனால் அங்கே தொகுதிக்கு ஒரு முழுமை உண்டு, தனியாக மதிப்பிடத் தகும்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சரித்திரக் கற்பனையில் ஆசிரியர் ஒரு பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ‘ஓஓக்கு’வில் அது செம்முக அம்மை. அதைக் கொடுத்துவிட்டபின், அந்தப் பொய் எத்தனை உண்மைகளுக்கு விளக்கமாகிறது என்று பாருங்கள். 1630-களில் இயேமிட்சு ஆட்சியில் ஜப்பான் கதவடைத்தது. 1639-இல் போர்ச்சுக்கீசியர் அடியோடு தடுக்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்தின்மேல் இருந்த அச்சமும் வணிகத்தைக் கைக்குள் வைக்கும் ஆசையும் காரணங்கள் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். யோஷினாகாவின் இயேமிட்சு, இறந்துபோன தகப்பனின் பெயரில் ஆளும் ஒரு பெண். நாட்டில் ஆண்களே இல்லாமல் போனது அந்நியருக்குத் தெரிந்தால் படையெடுத்து வருவார்கள் என்று அவர் கதவடைக்கிறார். ஆண்டும் பெயரும் நிகழ்வும் அப்படியே இருக்கின்றன, காரணம் மட்டும் வேறு. அதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் வியந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பது பாவம்.

குறைக்க வேண்டியது எப்போது என்றால், ஆசிரியர் தன் பொய்யின் விளைவுகளைத் தொடராமல் விடும்போது. முதல் பாதியில் அவர் எதையும் விடுவதில்லை. மருமகனை வாங்க முடியாத ஏழை வீட்டில் பிள்ளைக்காக ஓர் இரவுக்கு ஆணை வாடகைக்கு எடுப்பது, வயலிலும் கடையிலும் பெண்களே பாடுபடுவது, பொத்திப் பொத்தி வளர்க்கும் ஆண்பிள்ளை என்று சமுதாயம் முழுக்க மாறிப்போகிறது. நீங்கள் 10 போட்ட தொகுதி சரியான இடம்தான். டச்சு ரத்தம் கலந்த அவோநுமாவும், இங்கே பெண்ணாக வரும் ஹிராகா கென்னாயும் நோய்க்குத் தடுப்பு கண்டுபிடித்து, அதற்குப் பரிசாகத் தண்டனை பெறும் பகுதி அது. அறிவை ஒரு நாடு எப்படித் தண்டிக்கிறது என்பதை இவ்வளவு வலிக்க வலிக்கச் சொன்ன மங்கா எனக்குத் தெரிந்து குறைவு. நோய் ஒழிந்தபின், 13-ஆம் தொகுதி முதல், நிஜ வரலாற்றின் அரசியல் முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே நீங்கள் குறைத்திருந்தால் நான் உங்கள் கட்சி. ஆனால் தம்பிக்குப் பதிலாக வந்து நிற்கும் கசுனோமியாவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். ஹிரோவாகி சமுராவின் ‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ ஜப்பானில் 30 தொகுதிகள், டார்க் ஹார்ஸின் ஆங்கிலப் பதிப்பில் 31. ஆகவே ‘ஐந்தாம் தொகுதி’ என்றால் இருவருக்கு இருவேறு புத்தகம். அதோடு, இடமிருந்து வலமாகப் படிப்பதற்காகப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பாமல், சமுராவின் விருப்பப்படி கட்டங்களை வெட்டி இடம் மாற்றி ஒட்டினார்கள். அந்தப் பக்க அமைப்பு எங்காவது இடறினால் அந்தக் குறையைச் சமுராவின் கணக்கில் எழுதக் கூடாது.

தோழிகளுக்கு ‘ஓஓக்கு’வைக் கொடுப்பதாக இருந்தால் முதல் தொகுதியை மட்டும் கொடுக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுக்கான ஜேம்ஸ் டிப்ட்ரீ விருதை நடுவர்கள் அதன் முதல் இரண்டு தொகுதிகளையும் சேர்த்துக் குறிப்பிட்டே கொடுத்தார்கள். நீங்களும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள், இரண்டும் முடியும்வரை மதிப்பெண் கேட்காதீர்கள்.