காற்று கேட்கும் தண்ணீர்

மாணவர்களே, கோலாலம்பூரிலிருந்து மலாக்கா செல்லும் அளவு தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலையை நினைத்துப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்படி ஒன்று இருக்கிறது. ஏர் நெடுஞ்சாலையில் பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் நேர்கோடாகவே ஓடுகிறது. இடையில் ஒரு கடைகூடக் கிடையாது. இது நல்லர்போர் சமவெளி வட்டாரம். லத்தீன் மொழியில் அந்தப் பெயருக்கு ‘மரமே இல்லாதது’ என்று பொருள். (இந்த நேர்ச்சாலை ஓரத்தில் ஆங்காங்கே மரங்கள் உண்டு, உண்மையிலேயே மரமற்ற பகுதி இன்னும் கிழக்கே வரும்.)

இதை ஒரே நாளில் மிதிவண்டியில் கடக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கொள்வீர்கள்? தூரத்தை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் ஆபத்து. முதலில் காற்றைக் கேட்க வேண்டும்.

சமதளத்தில் ஓட்டுபவரை இரண்டு விசைகள் எதிர்க்கின்றன. ஒன்று, சக்கரத்தின் உருளல் தடை. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 110 கிலோகிராம் என்றால் இது சுமார் 6.5 நியூட்டன். வேகம் கூடினாலும் அவ்வளவாக மாறாது. மற்றொன்று காற்றுத் தடை. பைகள் தொங்கும் வண்டிக்கு இதைத் தோராயமாக 0.3 × வேகம் × வேகம் என்று கணக்கிடலாம். இங்கே வேகம் என்பது காற்றைப் பொறுத்த வேகம், விநாடிக்கு மீட்டரில். தேர்வில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்!

காற்று வீசாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுத் தடை 9.3 நியூட்டன். இரண்டு தடைகளையும் வெல்லச் சுமார் 88 வாட் திறன் போதும். 7 மணி 20 நிமிடத்தில் நேர்ச்சாலை முடிந்துவிடும்.

இப்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசட்டும். காற்றைப் பொறுத்த வேகம் 40 ஆகிறது. வேகம் இரு மடங்கானதால் தடை நான்கு மடங்காகி 37 நியூட்டனைத் தொடுகிறது. பழைய வேகத்திலேயே போகச் சுமார் 240 வாட் வேண்டும். நாள் முழுவதும் அதைத் தருவது நம்மைப் போன்றவர்களால் முடியாது. அதே 88 வாட்டில் மிதித்தால் வேகம் 11ஆகக் குறையும். பயணம் 13 மணி நேரத்தைத் தாண்டும்.

பாதி வழி எதிர்க்காற்று, பாதி வழி பின்காற்று என்றால் சரியாகிவிடுமா? ஆகாது. பின்காற்றில் வேகம் 32 வரை போகும்; ஆனாலும் மொத்தம் 9 மணி நேரம் பிடிக்கும். மெதுவாகப் போகும் பாதியில்தானே அதிக நேரம் கழிகிறது!

தண்ணீருக்கு வருவோம். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிக்கட்டையைச் சேர்கிறது. மீதி வெப்பம். 88 வாட்டுக்கு மிதிப்பவர் உடலில் ஒரு மணி நேரத்தில் சுமார் 950 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக 2,400 கிலோஜூல் தேவை. ஆக, மிதிக்கும் வேலைக்கு மட்டுமே மணிக்கு 0.4 லிட்டர். வெயிலையும் சேர்த்து 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளுக்கு 5 லிட்டர். எதிர்க்காற்று நாளுக்கு 9 லிட்டருக்கும் மேல்.

நம் நாட்டில் வியர்வை சொட்டும். தாகமும் நினைவுக்கு வரும். அங்கே வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுகிறது. சட்டையில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். நீர் இழப்பது தெரியாமலே இழப்பது அங்கே பெரிய அபாயம்.

தார்ச்சாலையே இல்லாத 1896ஆம் ஆண்டில் ஆர்தர் ரிச்சர்ட்சன் ஒரு சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுமாகப் புறப்பட்டு, தந்திக் கம்பங்களை ஒட்டியே மிதித்து இந்த வெளியைக் கடந்தார். கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாள்கள்.

‘கூடுதல் தண்ணீர் பாரமாயிற்றே’ என்கிறீர்களா? சமதளத்தில் 5 கிலோகிராம் கூடினால் உருளல் தடை 0.3 நியூட்டன்தான் ஏறும். எதிர்க்காற்றின் 37 நியூட்டனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு பயிற்சி: எதிர்க்காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால், 88 வாட்டில் வண்டி எவ்வளவு வேகத்தில் போகும்? எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? வேகம் 15ஐ ஒட்டி வந்தால் உங்கள் கணக்கு சரி.