இதய ரத்தக் குழாயில் அடைப்பா? ரத்த ஓட்டத்தை உள்ளிருந்தே அளக்கும் சோதனையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

“குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு இருக்கிறது” என்று கேட்டதும், உடனே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் பயந்துபோய்ச் சோதனையே வேண்டாம் என்கிறார்கள். முடிவெடுக்கும் முன், அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே குறைக்கிறதா என்று அளந்து பார்க்க முடியும்.

படம் மட்டும் ஏன் போதாது?

இதய வடிகுழாய்ச் சோதனையில் (ஆஞ்சியோகிராம்) ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். குழாய் எங்கே, எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைப் படம் காட்டும். இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்பதை அது எப்போதும் காட்டாது.

சிராங்கூன் சாலையில் ஒரு தடத்தை அதிகாலையில் மூடினால் யாருக்கும் சிரமம் இருக்காது. தீபாவளிக்கு முந்திய மாலையில் மூடினால் வாகனங்கள் நகராது. ரத்தக் குழாயும் அப்படித்தான். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது, குறுகிய இடத்திற்கு அப்பால் உள்ள நுண்குழாய்கள் விரிந்து குறையை ஈடுசெய்யும். மாடிப்படி ஏறும்போது இதயத்திற்குப் பல மடங்கு ரத்தம் தேவைப்படும். அப்போதுதான் நெஞ்சு இறுக்கமும் மூச்சு வாங்குவதும் வரும்.

எப்படி அளக்கிறார்கள்?

1. மணிக்கட்டில் அல்லது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள்.
2. மெல்லிய வடிகுழாயை இதயக் குழாயின் வாய் வரை கொண்டுசெல்வார்கள்.
3. அதன் வழியே, அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டி அனுப்புவார்கள். கம்பியின் நுனிக்கு அருகே அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி இருக்கும்.
4. ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து கொடுக்கலாம். சில நொடிகள் நெஞ்சு கனப்பதுபோல், முகம் சூடாவதுபோல் இருக்கலாம். அது விரைவில் அடங்கிவிடும். மருந்தில்லாமல் அளக்கும் முறையும் உண்டு.

அடைப்புக்கு முன்னால் அழுத்தம் 100, பின்னால் 75 என்றால், விகிதம் 0.75. பொதுவாக 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். ஸ்டென்ட் அல்லது பைபாஸ் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். அதற்கு மேல் இருந்தால், பெரும்பாலும் மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமுமே போதும். “ஸ்டென்ட் வேண்டாம்” என்றால் “சிகிச்சையே வேண்டாம்” என்று பொருளல்ல. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

தெரியுமா?

ரத்தம் மின்சாரத்தைக் கடத்தும். காந்தப் புலத்திற்குக் குறுக்கே அது ஓடும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். ஓட்டத்தின் வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். 1831இல் மைக்கல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. 1936இல் அலெக்சாண்டர் கோலின் இதைக்கொண்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியை உருவாக்கினார். முதலில் அதை, வெளியே எடுத்துக் காட்டப்பட்ட ரத்தக் குழாயைச் சுற்றிப் பொருத்த வேண்டியிருந்தது. 1960களில் வடிகுழாயின் நுனியிலேயே வைக்கும் அளவுக்கு அது சிறிதாயிற்று. இன்று இதயக் குழாய்களில் அழுத்தக் கம்பியும் ஒலியலை முறையும் அந்த வேலையைச் செய்கின்றன.

சோதனைக்கு முன் சொல்ல வேண்டியவை

• நீரிழிவு மாத்திரைகள், குறிப்பாக மெட்ஃபார்மின். நீங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம்.
• ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகள்.
• சிறுநீரகக் கோளாறு. சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
• சாயத்திற்கோ மருந்துக்கோ முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை.
• ஆஸ்துமா. ஓட்டத்தைக் கூட்டும் மருந்து எல்லாருக்கும் ஏற்றதல்ல.
• சித்த, ஆயுர்வேத மருந்துகள், கடையில் வாங்கும் சத்து மாத்திரைகள்.

ஆபத்து உண்டா?

ஊசி போட்ட இடத்தில் ரத்தக் கசிவும் கன்றிப்போவதும் ஏற்படலாம். ரத்தக் குழாய் காயம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அரிது. வீடு திரும்பிய பின் சில நாள்களுக்கு அந்தக் கையால் கனமான பைகளைத் தூக்காதீர்கள். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் 995ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்

• என் அடைப்பைப் படத்தில் மட்டும் பார்த்தீர்களா, அளந்தும் பார்த்தீர்களா?
• விகிதம் எவ்வளவு? அதற்கு என்ன பொருள்?
• ஸ்டென்ட் வைத்தால் என்ன நன்மை? மருந்து மட்டும் என்றால் என்ன கவனிக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் பேசச் சிரமமாக இருந்தால், தமிழ் பேசும் தாதியர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அல்லது பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். புரியாமல் கையெழுத்திட வேண்டாம். மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப் பயன்பாடு பற்றி மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

மாரடைப்பு என்றால் காத்திருக்க வேண்டாம்

மேலே சொன்னவை திட்டமிட்டுச் செய்யும் சோதனைக்கு உரியவை. நெஞ்சுவலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, கை, தாடை, முதுகு எனப் பரவினாலோ, குளிர்ந்த வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். “வாயுதான்” என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். டாக்சி பிடித்தோ நீங்களே வண்டி ஓட்டியோ போகாதீர்கள்.

உங்களுக்கு 40 வயது ஆகிவிட்டதா? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இது பொதுவான தகவல் மட்டுமே. உங்களுக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவருடன் கலந்து பேசி முடிவெடுங்கள்.