நாயும் எஜமானரும்

கேள்வி: எங்கள் ஊரில் நாய் வளர்ப்போரை அவரவர் நாயுடன் படம் பிடித்து வருகிறேன். எல்லாம் கல்யாண குரூப் போட்டோ போலவே அமைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: நாயைக் காமிராவைப் பார்க்கச் செய்யத் தாங்கள் படும் பிரயாசையே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. 1928-ல் பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் கீர்த்தி பெற்ற புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட், 1946-ல் நியூயார்க் வீதியில் எடுத்த படமொன்றில், கம்பளிச் சட்டை அணிந்த குட்டையான சிவாவா நாய் ஒன்று மகா கம்பீரத்துடன் விளங்க, அதன் எஜமானியோ வெறும் காலணிகளும் ஆடையின் விளிம்புமாகவே காட்சி தருகிறாள். காமிரா நாயின் கண்மட்டத்துக்கு இறங்கிவிட்டபடியால், அந்த அற்பப் பிராணியே கதாநாயக ஸ்தானத்தை அடைந்துவிடுகிறது. நாய்களின் கவனத்தை ஈர்க்க எர்விட் தாமே குரைத்ததும் உண்டு. ஆனால் தங்களுக்கு அது வேண்டியதில்லை. சிநேகம் முகத்தில் மட்டும் தெரிவதன்று, தளர்ந்து தொங்கும் சங்கிலியிலும், பேச்சுக்கிடையே தன்னையறியாமல் நாயின் காதை வருடும் விரல்களிலும் அது வெளிப்படுகிறது. ஆகையால் எஜமானரை அவர் ஜோலியைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தரையில் அமர்ந்து, நாய் தங்களை மறக்கும்வரை காத்திருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படத்தின் பிரதி ஒன்றை அந்த வீட்டாருக்கும் அவசியம் கொடுங்கள்.