வவுனியா நகரும் அதன் சூழூர்களும்

நகரம் என்பது யாது? எம் வகுப்பு மாணவரை இவ்வாறு வினவினால், கடைகள் நெருங்கிய இடம் என்பர் சிலர். பஸ் நிலையமும் வைத்தியசாலையும் உள்ள இடம் என்பர் வேறு சிலர். இவை பிழையான விடைகள் அல்ல. எனினும் நிறைவான விடைகளும் அல்ல. ஐக்கிய அமெரிக்காவிலே அரசினர் இதற்கு வேறொரு முறை வகுத்துள்ளனர். ஐம்பதினாயிரம் பேருக்குக் குறையாத நகர்ப்பகுதி ஒன்றை நடுவாக வைத்து, சூழவுள்ள எப்பகுதிகளிலிருந்து மக்கள் நாள்தோறும் தொழிலின்பொருட்டு அவ்விடம் போய் மீள்கின்றனர் எனக் கணித்து, அவ்வாறு பிணிப்புண்ட பகுதிகள் அனைத்தையும் ஒரே நகரப் பிரதேசமாக அவர்கள் கொள்வர். அங்கே நகரை வரையறுப்பது எல்லைக்கல் அன்று, மக்களின் போக்குவரவே.

இவ்வளவுகோலை எடுத்து வவுனியாவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் இருக்கும் பூவரசங்குளம் மன்னார் வீதியிலே நகருக்கு மேற்கே உள்ள சிற்றூர். காலையில் இங்கு பஸ் வண்டிக்குக் காத்து நிற்போரைப் பாருங்கள். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். கடையிலே கணக்கெழுதும் பெண்ணொருத்தி. கிளினிக் நாளுக்குச் செல்லும் முதியவர் ஒருவர். கத்தரிக்காய் மூடையை வண்டியில் ஏற்றும் கமக்காரர் ஒருவர். மாலையில் அதே வண்டி மருந்தையும் உரத்தையும் புத்தகத்தையும் கொண்டு மீள்கிறது. ஆதலின் பூவரசங்குளம் வவுனியாவின் அயலூர் மட்டுமன்று. அதன் உறுப்புகளுள் ஒன்றுமாகும்.

அமைவிடம்

வவுனியாவின் சிறப்பு அதன் அமைவிடத்தாலே வந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பெருவீதி நகரின் ஊடே போகின்றது. மேற்கே ஒரு வீதி மன்னாரை நோக்கியும், கிழக்கே ஒரு வீதி ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலையை நோக்கியும் பிரிகின்றன. யாழ்ப்பாணம் வடக்கே ஏறக்குறைய 140 கிலோமீற்றர். தெற்கே மதவாச்சியைக் கடந்தால் அநுராதபுரம். இவ்வாறு நான்கு திசைக்கும் வழி திறந்த நகர் வடமாகாணத்தில் வேறில்லை எனலாம்.

மாவட்டம் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. நகரை உள்ளடக்கிய வவுனியா, நெடுங்கேணியைத் தலைமையிடமாகக் கொண்ட வவுனியா வடக்கு, சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் வவுனியா தெற்கு, மேற்கிலுள்ள வெங்கலச்செட்டிகுளம் என்பன அவை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிலே கூடிப் பேரம் பேசும் காட்சியை இங்கு நாளும் காணலாம்.

பெயர் மயக்கம் ஒன்றையும் ஈண்டு நீக்குதல் நன்று. வவுனிக்குளம் என்னும் பெருங்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளது; அது வவுனியா நகரக் குளம் அன்று.

வரலாறு

இந்நிலம் வன்னிமைகளின் நிலம். 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் சிலை நகரிலே நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏடுகளில் இவ்வூர் வவுனியா விளாங்குளம் எனக் குறிக்கப்பெறும். ஆங்கிலேய அலுவலர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைக் கற்போர், அக்கால வன்னியின் காட்டையும் காய்ச்சலையும் பாழ்பட்ட குளங்களையும் குறித்து அறியலாம்.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபோது வவுனியா அதிலொரு நிலையமாயிற்று. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் போர் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலையமே பாதையின் கடைசி நிலையமாக இருந்தது. 2011இல் ஓமந்தை வரையும், 2013இல் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் வண்டி மீண்டும் சென்றது.

குடிப்பெருக்கம்

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் ஏறக்குறைய 95,000 பேர் வாழ்ந்தனர். 2012இல் அத்தொகை ஏறக்குறைய 172,000 ஆயிற்று. இது பிறப்பினால் மட்டும் வந்த பெருக்கம் அன்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வந்தோர் காடு வெட்டிக் குடியேறினர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தோருட் பலர் அடுத்த ஆண்டுகளில் வன்னி வழியாக இங்கு வந்து சேர்ந்தனர். 2009இல் போர் முடிவுற்றபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தனர். 2012இல் எண்ணப்பட்ட மாவட்டத்தின் முழுத் தொகையிலும் அது மிகுதி. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வந்தோரிற் பலர் ஊர் மீண்டனர். சிலர் இங்கேயே வீடு கட்டினர். அவர்தம் பிள்ளைகள் இன்று எம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.

வந்தவரை வாழவைத்த நகர் கல்வியிலும் வளர்ந்தது. தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் பாடசாலை, சைவப்பிரகாச மகளிர் கல்லூரி, பண்டாரிகுளம் விபுலானந்தாக் கல்லூரி ஆகியவை பெயர்பெற்றவை. பம்பைமடுவில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் 2021 ஓகஸ்டிலே வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலோடு நகரசபை மாநகர சபையாயிற்று.

ஒரு மாணவன் வினாவிய வினா

நகரிலும் சுற்றிலும் உள்ள இடப்பெயர்களைத் தொகுத்து வருமாறு ஒருமுறை மாணவரைப் பணித்தோம். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவிற்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், கூமாங்குளம், மறவன்குளம் என ஏடு நிறைய எழுதி வந்தனர். எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்த எம்மிடம் ஒரு மாணவன், "சேர், இவ்வளவு குளம் இருந்தும் ஆவணியிலை ஏன் பவுசர் தண்ணிக்கு வாளியோடை நிக்கிறம்?" என்று கேட்டான். புணர்ச்சி விதி படிப்பிக்கச் சென்ற எமக்கு உடனே விடை வரவில்லை. வினாவோ மறக்கத் தக்கதன்று.

விடை நிலத்தின் அடியில் உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தன்னுள் தேக்கி வைக்கும். வவுனியாவின் அடிநிலமோ கருங்கற்பாறை. அதன்மேலுள்ள சிதைந்த மண்படையிலும் பாறை வெடிப்பிலுமே நீர் தங்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் தை வரை பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு வேண்டிய நீரை நிறுத்திவைக்க முன்னோர் கண்ட வழியே குளம். காலபோக நெல்லுக்கும், நீர் மிஞ்சினால் சிறுபோகத்துக்கும் அது பாயும். அதனினும் பெரிய பணி ஒன்றுண்டு: குளத்து நீர் மெல்லக் கசிந்து அயலிலுள்ள கிணறுகளை ஊறச்செய்யும். குளம் வற்றினால் கிணறும் வற்றும்.

குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை அடையும். மேல்வயலின் கழிநீரும் அங்கேயே சேரும். இத்தகைய குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலகின் சிறந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. தொடரில் ஒரு குளத்தின் அலைகரையை மண்ணிட்டு மேடாக்கி வீடு கட்டினால், மாரியில் வெள்ளம் அயல்வீட்டு முற்றத்திலே நிற்கும். கோடையில் அதே வீட்டுக் கிணறு வறளும். கட்டியவர் ஒருவர், துன்புறுவோர் பலர்.

நகருக்குக் குழாய்நீர் வழங்கப் பேராற்றிலே நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டமை பாராட்டற்குரியது. எனினும் குழாய் எல்லாச் சூழூர்களையும் எட்டவில்லை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரை வருத்தும் நாட்பட்ட சிறுநீரக நோயின் காரணத்தை ஆராய்ச்சியாளர் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஆயினும் அவர்தம் ஐயம் முதலிற் செல்வது குடிநீர்மீதே. ஆதலின் கிணறு என்பது எமக்கு வெறும் வசதியன்று, உயிர்ப்பொருள்.

முடிவாக

போக்குவரவால் நகரை அளக்கத் தொடங்கினோம். பஸ்ஸும் புகையிரதமும் மனிதரைக் கொண்டுசெல்வதுபோல, வாய்க்காலும் வானும் நீரைக் கொண்டுசெல்கின்றன. முன்னையது காலையிற் போய் மாலையில் மீளும். பின்னையதன் வழியை ஒருமுறை அடைத்துவிட்டால் மீண்டும் திறப்பது அரிது. ஆகவே வவுனியா என்னும் நகரப் பிரதேசத்தின் மெய்யான எல்லை மாநகர சபையின் எல்லையன்று. அதன் குளத்தொடர்களின் எல்லையே.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் வவுனியாவிலே காணி வாங்குவோர். பலர் கடல் கடந்திருந்தும் இங்கு வீடு எழுப்புவோர். அவர்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. உறுதி எழுதுமுன் நில அளவைப் படத்தை வாங்கி, அக்காணி குளத்தின் ஒதுக்கு நிலமோ, வாய்க்காலின் வழியோ என்று பாருங்கள். ஆமெனில் விலை மலிவாயினும் விட்டுவிடுங்கள். குளக்கட்டுத் திருத்தத்துக்கு ஊரார் சிரமதானம் செய்யும்போது உங்கள் பங்கை அனுப்புங்கள்.

அம்மாணவனுக்கு யாம் மறுவாரம் விடை கூறினோம். "குளம் பெயரில் இருந்தால் போதாது, நிலத்திலும் இருக்கவேண்டும்" என்றோம். அவன் தலையசைத்தான். அவன் வளர்ந்து வீடு கட்டும் நாளிலும் பூவரசங்குளத்திற் பூவரசும் குளமும் இருத்தல் வேண்டும். அதனைக் காப்பது நம் தலைமுறையின் கடன்.